விசாரணை என்று கூட்டிப்போய் மறுநாள் விட்டார்கள். கேஸ் இல்லை, போன் மட்டும் ஸ்டேஷனில். என்ன செய்யலாம்?

பாலத்தடி எழுதியது:

வணக்கம். ஊர் பெயரும் ஸ்டேஷன் பெயரும் வேண்டாம். மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சி மகன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். போன வாரம் கரைக்கு வந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தவனை மஃப்டியில் வந்த இரண்டு பேர், "எஸ்.ஐ. கூப்பிடுறார், பத்து நிமிஷத்தில் வந்திடலாம்" என்று பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டு போனார்கள். பக்கத்து ஊர் பனந்தோப்பில் பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை, அவித்தது, டிரம்மோடு கிடைத்ததாம். "யாருடையது, யார் யார் இறக்கினார்கள்" என்பதுதான் கேள்வி. இவன் தெரியாது என்றான். சட்டையைக் கழற்றச் சொல்லி ரைட்டர் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவைத்திருக்கிறார்கள். இரண்டு அறை. போன் லாக்கைத் திறக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு குரூப்பாகப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். உள்ளே விடவில்லை, சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் இருட்டிய பிறகு இரண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கூப்பிடும்போது வரணும்" என்று சொல்லி விட்டார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை, புகார் பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் இல்லை. போன் அங்கேயே இருக்கிறது. படகு கடலுக்குப் போக டோக்கன் போடும் நாளெல்லாம் இவனுக்கு "இன்றைக்குக் கூப்பிடுவார்களோ" என்று பயம், கடலுக்கே போகவில்லை. கேஸ் போடாமல் விட்டதே பெரிசு, கிளறாதே என்கிறார் மச்சான். எனக்கு மனசு கேட்கவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலைக்காரன் எழுதியது:

அண்ணே, உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. போன் போனால் போகட்டும், ஐயாயிரம் ரூபாய்க்கு இன்னொன்று வாங்கலாம். அவர்களைப் பகைத்துக்கொண்டு கரையில் தொழில் செய்ய முடியாது.

ராம்நாடு வக்கீல் எழுதியது:

வலைக்காரன் தம்பி, இதே ஆலோசனையைக் கேட்டு வீட்டில் இருந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து ரிமாண்ட் ஆன பிறகு என்னிடம் வந்தவர்கள் நிறைய. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேஸ் போடவில்லை என்று குடும்பம் நிம்மதிப்படுவது புரிகிறது. ஆனால் குற்றவியல் தரப்பில் வாதாடுகிறவனுக்கு, கேஸ் போடப்பட்டவனைக் காப்பாற்றுவதுதான் சுலபம். அவனுக்கு எஃப்.ஐ.ஆர். எண், கைது குறிப்பு, அதில் ஒரு நேரம், டாக்டர் சீட்டு, ரிமாண்ட் ரிப்போர்ட் எல்லாம் இருக்கும். ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் இடையில் எங்கேயாவது இடிக்கும், அதைப் பிடித்துக்கொள்வோம். உங்கள் மருமகன் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் உள்ளே இருந்ததற்கு எந்தத் தாளும் கிடையாது. பிறகு ஒருநாள் "இன்று காலை பேருந்து நிறுத்தத்தில் சந்தேகப்படும்படி நின்றவரை விசாரித்ததில்" என்று எழுதினால் முடிந்தது கதை. வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து எதற்கு என்று இப்போது புரிகிறதா?

சட்டம் சொல்வது தெளிவாகவே இருக்கிறது. ஒருவர் கிளம்பிப் போக முடியாதபடி உட்காரவைக்கப்பட்ட நிமிஷத்திலிருந்து அவர் காவலில் இருக்கிறார், பேப்பரில் கைது என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டம் 22-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 58-வது பிரிவு. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அதே சட்டத்தின் 179-ன் கீழ் எழுத்தில் அழைப்பு வர வேண்டும். சந்தேக நபர், ஆனால் கைது தேவையில்லை என்றால் 35(3) நோட்டீஸ். "எஸ்.ஐ. கூப்பிடுறார்" என்ற வாய்வார்த்தை இதில் எதிலுமே இல்லை.

கையெழுத்து விஷயம் இன்னும் வேடிக்கை. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தே வாங்கக் கூடாது என்று 181-வது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் 162, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. எழுதிய தாளிலேயே வாங்கக் கூடாது, இதில் எழுதாத தாளில் வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்தது நம் கரைக்கே உரிய சிக்கல். மதுரையிலோ திருச்சியிலோ ஒருவரைக் கூப்பிட்டால் கூப்பிட்டது போலீஸ் என்று தெரியும். இங்கே உள்ளூர் போலீஸ், மரைன் போலீஸ், போலீசின் உளவு வேலை பார்க்கும் கியூ பிரிவு, வனத்துறை, சுங்கத்துறை, வருவாய்ப் புலனாய்வு (டி.ஆர்.ஐ.), கடலோரக் காவல்படை என்று ஏழெட்டுத் தரப்பு. மஃப்டியில் வந்தால் எல்லாரும் ஒன்றுபோல்தான் இருப்பார்கள். ஆனால் யாரிடம் பேசினோம் என்பதைப் பொறுத்து பேச்சின் விலை மாறும்.

போலீசிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்னாலும் அது கோர்ட்டில் நிற்காது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, இப்போது பி.எஸ்.ஏ. என்கிற புதிய சாட்சியச் சட்டத்தில் 23. சுங்கத்துறை அதிகாரியிடம் சுங்கச் சட்டம் 108-ன் கீழ் கொடுக்கும் வாக்குமூலம் வேறு சாதி. அவர் இந்தச் சட்டத்துக்குப் போலீஸ் அதிகாரி இல்லை, அதனால் அந்த வாக்குமூலம் சாட்சியமாக வரும். அப்புறம் வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நாம்தான் போராட வேண்டும். தங்கக் கடத்தல் கேஸ்களில் பாதி உயிர் அந்த 108 தாளில்தான் இருக்கும்.

கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தில் 2001-லிருந்து முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம். உதவி வனப் பாதுகாவலர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி 50(8)-ன் கீழ், குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் பின்னால் வழக்கில் ஏற்கப்படும். போதாததற்கு 57-வது பிரிவு: பொருள் உன் வசம் இருந்தது என்று ஆகிவிட்டால் அது சட்டவிரோதமாக வைத்திருந்ததுதான் என்ற அனுமானத்தில்தான் வழக்கு தொடங்கும், இல்லை என்று நீதான் காட்ட வேண்டும். ஆகையால் உங்கள் மருமகனைப் போலீஸ் விட்டுவிட்டது என்பது பாதிக் கதைதான். டிரம் வனத்துறைக்குப் போயிருந்தால் அடுத்த அழைப்பு அங்கிருந்து வரலாம். அங்கே ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள்.

கஞ்சா கேஸ் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். போதைப்பொருள் சட்டத்தில் 67-வது பிரிவு வாக்குமூலத்தை வைத்தே தண்டனை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2020 அக்டோபரில் தூஃபான் சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனதுதான்.

இப்போது செய்ய வேண்டியது. எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள், எப்போது விட்டார்கள், எழுதாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள், போன் இன்ன மாடல், ரசீது தரவில்லை என்று மருமகன் பெயரிலேயே ஒரு மனு. எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், ஈமெயில் இரண்டும். டி.எஸ்.பி.க்கு நகல். திட்டி எழுத வேண்டாம், கெஞ்சியும் எழுத வேண்டாம். தேதியும் நேரமும் இருந்தால் போதும்.

காக்கி ஓய்வு எழுதியது:

இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ. (எஸ்.எஸ்.ஐ.) ஆக ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்தில்தான் பெரும்பாலான சர்வீஸ். வக்கீல் சார் சொன்ன பிரிவுகள் எல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் ஸ்டேஷன் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதையும் கேளுங்கள்.

செப்டம்பர் வந்தால் பரமக்குடி நினைவு நாள், அக்டோபர் கடைசியில் பசும்பொன் குருபூஜை, நடுவில் தடையுத்தரவு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம். வி.ஐ.பி. தரிசனம் என்றால் கேட்கவே வேண்டாம். பாதிப் பேர் எப்போதும் பந்தோபஸ்தில். மீதி இருப்பவர்களிடம் "டிடெக்‌ஷன் எங்கே, ரெக்கவரி எங்கே" என்று மேலே இருந்து தினம் மைக்கில் கேட்பார்கள். நோட்டீஸ் கொடுத்து மூன்று நாள் கழித்து வா என்றால், கடல் அட்டை கடத்துகிறவன் அந்த மூன்று நாளில் அக்கரைக்கே சேர்த்துவிடுவான். விசாரணைக்கு வந்தவன் எல்லாரும் உங்கள் மருமகன் மாதிரி ஒன்றும் தெரியாதவனும் இல்லை. பத்துப் பேரை உட்காரவைத்தால் ஒருத்தன் சொல்வான். அது சரி என்று சொல்லவில்லை, அப்படித்தான் வேலை நடக்கிறது என்கிறேன்.

ராம்நாடு வக்கீல் எழுதியது:

ஏட்டையா மாதிரி வெளிப்படையாகப் பேசுகிறவர் குறைவு, அதற்கு நன்றி. "ரெக்கவரி" என்றீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்றேன். அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. பழைய சட்டத்தில் 27, இப்போது 23-ன் கீழே வரும் வாசகம். காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புடைய அளவுக்கு அவர் சொன்னது செல்லும். ஆக, வாயை மட்டும் திறந்தால் போலீசுக்குப் பயன் இல்லை, பொருள் கைக்கு வர வேண்டும். அடிக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு இந்த விலக்கு பெரிய காரணம் என்பது என் கருத்து. நகைத் திருட்டுப் புகாரில்தானே 2025 ஜூனில் நமக்குப் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் மடப்புரம் கோயில் காவலாளியைத் தனிப்படை கொண்டுபோனது? ரெக்கவரி வரவில்லை, பையன் செத்துப்போனான். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

கோர்ட்டில் நாங்கள் அதிகமாகக் கிழிப்பதும், பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் இந்த ரெக்கவரி மகஜரைத்தான். குற்றவாளி காட்டிக்கொடுத்து முள்காட்டுக்குள் இருந்து எடுத்தோம் என்று இருக்கும். சாட்சிக் கையெழுத்து வி.ஏ.ஓ., அவருடைய உதவியாளர். குறுக்கு விசாரணையில் அந்த இடத்துக்கு எந்த வழியாகப் போனீர்கள், வண்டி எங்கே நின்றது, தரையில் மணலா களிமண்ணா என்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு பாதை சொல்வார்கள். ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து எழுதியது அப்போது தெரிந்துவிடும். இப்போது பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவில் சோதனை, கைப்பற்றல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. வீடியோ எங்கே என்பதுதான் இனி எங்கள் முதல் கேள்வி. நிஜமாகவே அங்கே போய் எடுத்த அதிகாரிக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

பத்துப் பேரை உட்காரவைத்தால் ஒருத்தன் சொல்வான் என்கிறீர்கள். சரி, மீதி ஒன்பது பேருக்கு யார் பதில் சொல்வது?

தொண்டி மீனா எழுதியது:

ஒன்பது பேர் மட்டும் இல்லை, அவர்கள் வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தம்பி ஒரு அடிதடியில் பெயர் வந்து ஓடிப்போனான். அவன் கிடைக்கும் வரை அம்மாவை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள், காலையில் மீன் கூடையோடு சந்தைக்குப் போனவரை. விளக்கு வைத்த பிறகும் விடவில்லை. கூடை மீன் அங்கேயே நாறியது. தம்பி சரண்டர் ஆனதும்தான் விட்டார்கள். இப்படி ஆளுக்கு ஆளைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடம் உண்டா வக்கீல் சார்?

எங்கள் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷன் என்றாலே எஸ்.பி.பட்டினம்தான் ஞாபகம் வரும். 2014 அக்டோபரில் விசாரணைக்குப் போன இளைஞனை ஸ்டேஷனுக்குள்ளேயே எஸ்.ஐ. சுட்டார். கத்தியை எடுத்தான், தற்காப்புக்குச் சுட்டேன் என்றுதான் முதலில் வந்தது. 2019-ல் ராமநாதபுரம் கோர்ட் அந்த எஸ்.ஐ.க்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. "விசாரணைக்குத்தானே, போய்விட்டு வா" என்று சொல்ல எங்கள் ஊரில் எந்தத் தாய்க்கும் வாய் வராது.

ராம்நாடு வக்கீல் எழுதியது:

இடம் இல்லை அக்கா. 179-லேயே இருக்கிறது: பெண்கள், 15 வயதுக்குக் கீழே அல்லது 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் இவர்களை விசாரிக்க வேண்டுமென்றால் வீட்டுக்குத்தான் போக வேண்டும், ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. பெண் மேல் குற்றமே இருந்தாலும் சூரியன் மறைந்த பிறகு கைது செய்ய, விதிவிலக்கான சூழ்நிலையும் மாஜிஸ்ட்ரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். தம்பி செய்ததற்கு அம்மாவை வைப்பது பிணைக்கைதி வேலை.

அந்த மாதிரி நேரத்தில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. பி.என்.எஸ்.எஸ். 100: ஒருவர் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்று மாஜிஸ்ட்ரேட் நம்பினால் தேடிக் கொண்டுவர வாரண்ட் போடலாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடுவது பெரிய ஆயுதம்தான். ஆனால் எண் வாங்கி, லிஸ்ட் ஆகி வருவதற்குள் பெரும்பாலும் ஆளை விட்டுவிடுவார்கள் அல்லது கைது காட்டிவிடுவார்கள்.

எங்கள் சீனியர்கள் காலத்தில் ஆளைக் கூட்டிப்போன அரை மணியில் போஸ்ட் ஆபீசுக்கு ஓடித் தந்தி அடிப்பார்கள், மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று. பின்னால் போலீஸ் எந்த நேரத்தைக் கைது நேரமாகக் காட்டினாலும், தந்தியில் விழுந்த முத்திரை நேரம் அதற்கு முந்தியதாக இருக்கும். எத்தனையோ கேஸ் அந்த ஒரு துண்டுத்தாளில் உடைந்திருக்கிறது. 2013-ல் தந்தியை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்துக்கு ஈமெயிலும், 112-க்கு அடிக்கும் போனும்தான். வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கும்போதே ஒருவர் 112-க்கு அடித்து "இன்னாரை இன்ன ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள்" என்று சொன்னால் போதும், நேரம் எங்கேயோ பதிவாகிவிடும்.

கீழக்கரை நூர் எழுதியது:

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறேன். ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. இலங்கைக் கடற்படை நம் ஆளைப் பிடித்தால் மறுநாளே வேலைநிறுத்தம், தங்கச்சிமடத்தில் மறியல், முதல்வர் கடிதம். அந்தப் பையன் ஊர்காவற்துறை கோர்ட்டில் எந்தத் தேதியில் நிற்பான் என்பது கூட ஊருக்குத் தெரியும். அதே பையனை நம் போலீஸ் ராத்திரி முழுக்க வைத்திருந்தால் ஜமாத்தோ ஊர்க் கமிட்டியோ சங்கமோ வாயைத் திறப்பதில்லை. "ஏதாவது செய்திருப்பான்" என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, குண்டர் சட்டம். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு பெயில் கிடைக்கப்போகிறது என்று தெரிந்த வாரமே குண்டாஸ் போட்டார்கள். அதற்கு என்ன வழி?

ராம்நாடு வக்கீல் எழுதியது:

குண்டாஸுக்குத் தனி இழை போடலாம், அவ்வளவு இருக்கிறது. சுருக்கமாக: 1982-ம் வருடத்துச் சட்டம். விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம், மாவட்டத்தில் கலெக்டர் உத்தரவு போடுவார். உத்தரவோடு கொடுக்கும் ஆவணக் கட்டுகளை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தமிழ் நகல் இல்லாதது, படிக்க முடியாத ஜெராக்ஸ், மனுவுக்குப் பதில் சொல்லத் தாமதம், இவற்றில்தான் பெரும்பாலும் ரத்தாகும். ஆனால் ரத்தாவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். எங்களுக்குள் கசப்பாகச் சொல்லிக்கொள்வது, கேஸில் ஜெயித்தோம், பையன் தண்டனையை அனுபவித்துவிட்டான் என்று.

காக்கி ஓய்வு எழுதியது:

நூர் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. வக்கீல் சாருக்கு ஒரு பதில்: ஸ்டேஷனில் இருக்கும் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். 2020-ல் சாத்தான்குளத்தில் அந்தத் தகப்பனையும் மகனையும் ராத்திரி முழுக்க அடித்ததை மாஜிஸ்ட்ரேட்டிடம் சாட்சியாகச் சொன்னது அதே ஸ்டேஷன் பெண் தலைமைக் காவலர்தான். அவருக்கு அதற்குப் பிறகு எவ்வளவு நெருக்கடி இருந்திருக்கும் என்று டிபார்ட்மெண்டில் இருந்தவனுக்குத்தான் தெரியும்.

ராம்நாடு வக்கீல் எழுதியது:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அந்த அம்மா பேசியிருக்காவிட்டால் கேஸே வேறு மாதிரி போயிருக்கும். ஏனென்றால் கேமரா பேசவில்லை. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தும், பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி செட் செய்து வைத்திருந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷனில் எல்லா இடத்திலும் கேமரா, பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், அந்த வசதி இல்லையென்றால் குறைந்தது ஒரு வருடம் என்று உத்தரவு போட்டது. உத்தரவு இருக்கிறது. கேட்கும்போது "ரிப்பேர்" என்று பதில் வருவதும் இருக்கிறது.

பாலத்தடி அண்ணே, இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: அந்த இரண்டு தேதிகளின் சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று. வரவேற்பறை, ரைட்டர் மேஜை என்று இடத்தையும் எழுதுங்கள்.

லா காலேஜ் பையன் எழுதியது:

சார், ஒரு சந்தேகம். நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போக வேண்டுமா? என் நண்பனுக்கு அப்படித்தான் வந்தது. அப்புறம், போன் லாக்கைத் திறந்து காட்ட மாட்டேன் என்று சொல்லலாமா?

ராம்நாடு வக்கீல் எழுதியது:

35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் சத்யேந்தர் குமார் ஆண்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக வந்ததை அலட்சியப்படுத்த வேண்டாம், முறையாக அனுப்பினால் வருகிறேன் என்று எழுத்தில் பதில் கொடுக்கச் சொல்லு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்கிற அரசியல் சட்டம் 20(3) ஸ்டேஷனிலும் பொருந்தும், நந்தினி சத்பதி வழக்கில் 1978-லேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் புத்தகத்தில் இருக்கிற மௌன உரிமையை, சட்டை கழற்றிய ஒரு பையன் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகப் பயன்படுத்துவான் என்று எதிர்பார்க்கக் கூடாது. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க பி.என்.எஸ்.எஸ். 38-வது பிரிவில் உரிமை உண்டு. காசு இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு, 15100.

பாலத்தடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வக்கீல் சார் சொன்னபடி மனு எழுதி எஸ்.பி.க்கு ஈமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்பினோம். மச்சான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று ஸ்டேஷனிலிருந்து ரைட்டர் போன் செய்தார், குரலில் நல்ல மரியாதை. "போனை வந்து வாங்கிக்கோங்க, தம்பி தானா விரும்பி விசாரணைக்குக் கொடுத்ததா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்" என்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாமா?

வலைக்காரன் எழுதியது:

எழுதிக் கொடுத்துட்டு வாங்கிட்டு வாங்கண்ணே. அதோடு போகட்டும்.

ராம்நாடு வக்கீல் எழுதியது:

"தானா விரும்பி" வேண்டாம். போனை முறையாகக் கைப்பற்றியிருந்தால் பி.என்.எஸ்.எஸ். 106-ன் கீழ் மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் போயிருக்கும், நாமும் 503-ல் மனுப் போட்டுக் கோர்ட்டிலேயே வாங்கியிருப்போம். போகாததால்தான் இந்த ஒரு வரி கேட்கிறார்கள். இன்ன தேதியில் எடுத்துக்கொள்ளப்பட்ட போன் இன்ன தேதியில் திரும்பப் பெறப்பட்டது, அவ்வளவுதான் எழுத வேண்டும். எழுதிய தாளை அவர்கள் வாங்குவதற்கு முன்னால் உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வெள்ளைத்தாளையும் திருப்பிக் கேளுங்கள். தர மாட்டார்கள், கேட்டதாக மனுவோடு இன்னொரு கடிதம் சேரட்டும். பழைய தேதி போடச் சொன்னால் போனை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து என்னைக் கூப்பிடுங்கள். எண் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். மருமகனைத் தனியாக மட்டும் அனுப்ப வேண்டாம்.